புழுக்கொடியலும் பிற்பகற் பசியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடைப்பட்ட வேளை ஒரு தனி வேளை. ஆறில்லாத நாடு, மலையில்லாத நாடு, சுண்ணாம்புக் கல்லின் மேலே சிறிதளவு மண்ணும், அதன் மேலே எரிக்கும் வெயிலும் கொண்ட நாடு. அந்த வேளையிற் காகமும் வேம்பின் நிழலை விட்டு அசைவதில்லை. முன்னாளில் மனிதரும் அவ்வாறே இருந்தனர். தோட்டக்காரர் விடியலிலேயே இறைப்பை முடித்துக்கொண்டு, உச்சிப் பொழுதிலே திண்ணையிற் சற்றுச் சாய்ந்து, வெயில் தாழ எழுந்து மீண்டும் மண்வெட்டியைத் தோளில் வைப்பர். அவ்வாறு எழுந்தவுடன் ஒரு கையிலே மூக்குப்பேணி நிறைந்த வெறுந்தேநீர். மற்றக் கையிலே ஒரு துண்டுப் பனங்கட்டி. கடித்துக் கடித்துக் குடிப்பர். பக்கத்திலே ஒரு பெட்டியிற் புழுக்கொடியலோ, அவித்த பயறோ, முதல் வாரத்திலே பிடித்துவைத்த எள்ளுப்பாகோ இருக்கும். அதன் பின்னர் இருட்டும்வரை வேலை செய்வதற்கு அவர்களுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

இன்று அந்த வேளையில் வீதியிலே காணப்படுவோர் தோட்டக்காரர் அல்லர், எம் மாணவரே. பாடசாலை பகல் 1.30 மணிக்கு முடிகின்றது. தனியார் வகுப்பு 2.30 மணிக்குத் தொடங்குகின்றது. இடையிலுள்ள ஒரு மணி நேரத்துள் வீடு சென்று, உடைமாற்றி, சோறுண்டு, துவிச்சக்கர வண்டியை மீண்டும் மிதித்து வரவேண்டும். தொலைவிலிருந்து வருவோர் வீட்டுக்குப் போவதேயில்லை. சந்திக் கடையிலே ஒரு பணிசும் ஒரு போத்தல் இனிப்புப் பானமுமே அவர்களுடைய மத்தியான உணவு. கடந்த ஆண்டு எம் வகுப்பு மாணவி ஒருத்தி கரும்பலகையின் முன் நின்று கணக்குச் செய்துகொண்டிருந்தபோதே சுண்ணக்கட்டி கையிலிருந்து நழுவ மயங்கிச் சரிந்தாள். விசாரித்தபோது, காலையில் ஒரு தேநீரும் இடைவேளையில் ஒரு பணிசும் தவிர அன்று முழுவதும் ஒன்றும் உண்டிலள் என்பது தெரியவந்தது. வசதியற்ற வீட்டுப் பிள்ளையல்லள். நேரமற்ற வீட்டுப் பிள்ளை.

கோதுமை மாவும் சீனியும் வயிற்றிலே விரைவிற் செரிப்பவை. உண்ட சிறிது நேரத்திலே இரத்தத்திற் சர்க்கரை உயரும். உடலும் உற்சாகம் கொள்ளும். பின்னர் அது வேகமாகவே இறங்கும். இறங்கும்போது தலை கனக்கும், கண் சொருகும். மூன்றரை மணிக்கு வகுப்பிலே பலருடைய தலைகள் ஒருங்கே கவிழ்வதற்கு ஆசிரியரின் சொல்வன்மைக் குறை மாத்திரம் காரணமன்று. நாரும் புரதமும் சேர்ந்த உணவாயின் மெல்லச் செரித்து மெல்லவே பலந்தரும். இதனை வகுப்பிலே விளக்கியபோது பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து, "அப்படியெண்டால் எதைத்தான் சாப்பிடுறது, சேர்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதற்குரிய விடை புத்தகத்திலன்றி வடமராட்சி மணலிலே இருக்கின்றது எனக் கூறி, மாசி மாதத்துப் பூரணை விடுமுறை நாளொன்றில் அவனையும் அவனுடைய தோழன் ஒருவனையும் அழைத்துக்கொண்டு பருத்தித்துறைப் பேருந்தில் ஏறினோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை 30 கிலோமீற்றருக்குச் சற்று மேல். கோப்பாய் கழிந்ததும் இருமருங்கும் செம்மண் தோட்டங்கள். நீர்வேலியை நெருங்கும்போது வாழைத் தோட்டங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சி தருகின்றன. அவ்வூரின் வாழைக்குலைகள் குடாநாடெங்கும் பேர்பெற்றவை. பிற்பகற் பசிக்கு உலையேற்றாமல் உண்ணக்கூடியது ஒரு கதலிப் பழமே என்பதை மாணவருக்குச் சொன்னோம். "பழம் கொண்டுபோனால் பொடியங்கள் பகிடி பண்ணுவாங்கள்" என்று ஒருவன் முணுமுணுத்தான். பணிஸ் தின்றால் மதிப்பு, பழம் தின்றால் பகிடி என்னும் இந்த ஒழுங்கை யார் ஏற்படுத்தினார்களோ!

சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால் ஆகிய ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி மறைந்தன. நிலாவரைக் கிணற்றைப் பார்க்கவேண்டுமென்று மாணவர் விரும்பினர். வேறொரு நாளைக்கு ஒத்திவைத்தோம். வல்லை வெளிக்கு வந்ததும் வீடும் மரமும் அற்ற பரந்த நிலம். காற்று பேருந்தின் யன்னலூடாகப் புகுந்து தலைமயிரைக் கலைத்தது. நெல்லியடியில் இறங்கித் தேநீர் குடித்தோம். கடையின் கண்ணாடிப் பெட்டியிலே றோல்சும் பற்றிசும் நிறைந்திருந்தன. கடலையோ கௌபியோ இருக்கின்றதா எனக் கேட்டோம். "அது கோயில் திருவிழாவுக்குத்தான்" என்றார் கடைக்காரர். நாளாந்தம் வீட்டில் இருந்த ஓர் உணவு திருவிழாப் பொருளாகிவிட்டது.

பருத்தித்துறை என்றவுடன் யாவர் நாவிலும் ஊறுவது அவ்வூர்த் தட்டை வடை. உழுத்தம் பருப்பும் மாவும் பெருஞ்சீரகமும் செத்தல் மிளகாயும் சேர்த்துத் தட்டிப் பொரிக்கப்படும் அது, நாட்கணக்கிற் கெடாது. கடல் கடந்தும் போகின்றது. நாமும் ஒரு பை வாங்கினோம். ஆனால் அதனைப் பிற்பகலின் நாளாந்த உணவாகப் பரிந்துரைக்க எம் மனம் ஒப்பவில்லை. எண்ணெயிற் பொரித்தது எத்துணைச் சுவையாயினும் விருந்துக்கே உரியது. ஊர்ப் பலகாரம் என்ற காரணத்தாலேயே ஒன்று உடலுக்கு நல்லதாகிவிடாது. இதை நாம் பருத்தித்துறையில் நின்று உரக்கச் சொல்லவில்லை.

அங்கிருந்து தென்கிழக்கே வல்லிபுரம் நோக்கிச் சென்றால் நிலத்தின் நிறம் மாறுகின்றது. செம்மண் மறைந்து வெண்மணல் தொடங்குகின்றது. மணற்றிட்டிகளும், அவற்றின் மேலே காற்றிற் சரசரக்கும் பனைகளும், அப்பால் வங்கக் கடலின் இரைச்சலும். வல்லிபுர ஆழ்வாரை வணங்கிக்கொண்டு, அயலிலுள்ள சிற்றூரொன்றிலே எமக்கு உறவுமுறையான ஆச்சி ஒருவரின் வளவை அடைந்தபோது நேரம் பதினொன்றாகியிருந்தது. எண்பதைத் தாண்டிய அவர் பனம்பாத்தியின் கரையிலே குந்தியிருந்து, இரண்டு பெண்கள் கிழங்கு கிண்டுவதை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்.

பனம்பாத்தியை அறியாத நகரத்துப் பிள்ளைகளுக்காகச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். ஆவணி, புரட்டாசி மாதங்களிலே பனம்பழம் விழுகின்றது. களியைப் பிசைந்தெடுத்துப் பாயிலே ஊற்றிப் பனாட்டாக உலர்த்துவர். எஞ்சிய விதைகளை மணலைக் கூட்டி உயர்த்திய பாத்தியிலே நெருக்கமாக அடுக்கி, மேலே மண்ணிட்டு மூடுவர். மாரி மழையே அதற்கு நீர், உரமில்லை, மருந்தில்லை. மூன்று நான்கு மாதங்களில் ஒவ்வொரு விதையும் கீழ்நோக்கி ஒரு கிழங்கை விடும். தையிலும் மாசியிலும் பாத்தியைக் கிண்டுவர். விதையைப் பிளந்தால் உள்ளே வெண்மையான பூரான் இருக்கும். அது சிறுவர் பங்கு. எம் மாணவர் இருவரும் பதினெட்டு வயதை எட்டியவர்கள். அன்றுதான் முதன்முறையாகப் பூரானைத் தின்றனர்.

கிழங்கை அவியாது பிளந்து உலர்த்தினால் அது ஒடியல். அவித்து, நார் உரித்து, பிளந்து உலர்த்தினால் அது புழுக்கொடியல். இரண்டும் ஒரே கிழங்கினின்று வந்தனவாயினும் ஒன்றன் இடத்திலே மற்றையதை வைத்தல் தவறு. ஒடியல் மா கசப்புடையது. நீரில் ஊறவிட்டு, அந்நீரை வடித்து, கூழாகவோ பிட்டாகவோ நன்கு வேகவைத்த பின்னரே உண்ணத்தக்கது. புழுக்கொடியலோ முன்னரே அவிந்தது; அப்படியே கடித்துத் தின்னலாம். கடையில் மா வாங்குவோர் எந்த மாவென்று கேட்டு வாங்குதல் வேண்டும்.

ஆச்சி எமக்கு முன்னே ஒரு பனையோலைப் பெட்டியை நகர்த்தினார். புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும். "தம்பி, முதல் உந்தப் பிள்ளையளுக்குக் குடுங்கோ. சப்பிக்கொண்டிருக்கட்டும்; கொஞ்ச நேரத்துக்குக் கதைக்க மாட்டினம்" என்றார். அவர் கூறியது வேடிக்கையாயினும் அதிலே ஓர் உண்மை அடங்கியிருந்தது. பணிசை நான்கு வாயில் விழுங்கிவிடலாம். புழுக்கொடியலை அவ்வாறு விழுங்க முடியாது. ஒரு துண்டை மென்று முடிப்பதற்குள் பசி அடங்கத் தொடங்கிவிடுகின்றது. மாப்பொருளும் நாரும் அதிலே நிறைய உண்டு. புரதம் மாத்திரம் குறைவு. அக்குறையை நிரப்புவது பயறு. உலர்ந்த பயற்றிலும் கௌபியிலும் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு புரதம் இருக்கின்றது. ஆச்சிக்குப் புரதம் என்னும் சொல் தெரியாது; ஆனால் புழுக்கொடியல் மாவைப் பயறில்லாமல் அவர் ஒருநாளும் உருண்டை பிடித்ததில்லை.

அவர் கைமுறையைப் பார்த்தும் கேட்டும் எழுதிக்கொண்டோம். நன்றாகக் காய்ந்த புழுக்கொடியலை இடித்து அரித்த மா இரண்டு சுண்டு. வறுத்துத் திரித்த பயற்றம் மா ஒரு சுண்டு. வறுத்த எள் அரைச் சுண்டு. தேங்காய்ப்பூ ஒரு சுண்டு. அதனை ஈரம் போகப் பொன்னிறமாக வறுக்கவேண்டும். பச்சைத் தேங்காய்ப்பூவைச் சேர்த்தால் அன்றே உண்டு முடித்துவிட வேண்டும், மறுநாள் ஊசிவிடும். மிளகும் நற்சீரகமும் வறுத்துப் பொடித்தது சிறிதளவு. பனங்கட்டி முக்காற் சுண்டு. சிறிது நீரிலே கரைத்து, மண் போக வடித்து, விரலில் ஒட்டும் பதத்துக்குக் காய்ச்சி, சூட்டோடு மாவில் ஊற்றிப் பிசைந்து, தேசிக்காயளவாக உருட்டவேண்டும். மூடிய தகரத்தில் நான்கு நாட்கள் இருக்கும். பிள்ளையொன்றுக்கு இரண்டு உருண்டையும் ஒரு குவளை நீரும் போதும். புழுக்கொடியல் சரியாகக் காயாதிருப்பின் பூஞ்சணம் பிடிக்கும். பூத்ததைச் சுரண்டிவிட்டு உண்ணும் சிக்கனம் வேண்டா.

பனங்கட்டியை மருந்தென்று கூறுவாரும் உளர். அது மருந்தன்று, அதுவும் சர்க்கரையே. வெள்ளைச் சீனியிலில்லாத சில உப்புக்கள் அதிலே சிறிதளவு உண்டு, மணம் நிறைய உண்டு, அவ்வளவே. ஆதலால் அளவைக் கூட்டலாகாது. நீரிழிவுள்ள பாட்டனார் பேரனுடைய தகரத்திலே கைவைத்தலும் ஆகாது.

மாணவருள் ஒருவன் எல்லாவற்றையும் கேட்டிருந்துவிட்டு, "ஆச்சி, எங்கடை வீட்டிலை உரல் இல்லை. என்ன செய்யிறது?" என்றான்.

"கிறைண்டரிலை போட்டு அரை மோனை. உரலிலை இடிச்சால்தான் வயித்துக்கை போகுமெண்டு ஆர் சொன்னது?"

"அம்மாவும் வேலைக்குப் போறவ. நேரமில்லை."

"அம்மாவுக்கு நேரமில்லையெண்டால் உனக்கு ரண்டு கை இருக்கெல்லே?"

அவன் பதில் கூறவில்லை. வீட்டுச் சிற்றுண்டி பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் இடம் இதுவே. 'வீட்டிற் செய்யுங்கள்' என்று எழுதும்போது அந்த வேலை யார் தலையில் விழுகின்றது? முன்னாளிலே கூட்டுக் குடும்பத்தில் நான்கு பெண்கள் கூடி இடித்தனர். இன்று அலுவலகத்திலிருந்து ஐந்தரை மணிக்குக் களைத்து வரும் ஒரு தாய் தனியே நிற்கின்றாள். தேங்காய் துருவுதல் பையனால் முடியாத வேலையா? பயறு வறுத்தல் தந்தையார் செய்யத்தகாததா? ஞாயிறு காலை ஒரு மணி நேரம் வீட்டார் யாவரும் சேர்ந்திருந்தால் வாரத்தின் பாதி நாட்களுக்கு உருண்டை ஆயத்தமாகிவிடும். மிகுதி நாட்களுக்கு இரவிலே ஊறவைத்துக் காலையில் அவித்த கௌபி, வெங்காயமும் தேங்காய்ப்பூவும் சேர்த்து. குரக்கன் ரொட்டியும் நன்று. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற் சுண்ணச்சத்து உண்டு. ஒரு பிடி வறுத்த கச்சானுக்கு அடுப்பும் வேண்டியதில்லை.

பயற்றம் பணியாரம் செய்யத் தெரிந்த தாய்மாருக்கு ஒரு வார்த்தை. வறுத்த பயற்றம் மாவும் தேங்காயும் பாகும் சேர்த்து உருட்டி, அதனை மாக் கரைசலில் தோய்த்து எண்ணெயிற் பொரிக்கிறோம் அல்லவா? பொரிப்பதற்கு முந்திய படியிலே நிறுத்திக்கொண்டால் மிகச் சிறந்த பிற்பகல் உணவு கையில் இருக்கின்றது. கலியாண வீட்டுப் பலகாரத் தட்டுக்கு அது அழகில்லாதிருக்கலாம். பாடசாலைப் பைக்கு அழகு வேண்டியதில்லை.

மத்தியான உணவின் பின் ஆச்சியின் காணியைச் சுற்றிப் பார்த்தோம். வடக்கெல்லையிலே பனைகள் அடர்ந்து நின்றன; தெற்கே வெட்டையாகக் கிடந்தது. போர்க்காலத்திலே பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் குடாநாடெங்கும் எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டதை எம் தலைமுறையினர் அறிவர். தெற்குப் பக்கத்து மரங்கள் அவ்வாறு போனவையே. ஆயினும் 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் குடாநாட்டுக்குப் பொருள்கள் வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்திலே எஞ்சிய பனைகளே பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தன. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியும், பாணுக்குப் பதிலாக ஒடியற் பிட்டும் உண்டே எம் போன்றோர் படித்தோம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது கோதுமை மாவும் பால்மாவும் எட்டாத விலைக்கு ஏறிய வேளையில், ஆச்சியின் வாயிலிலே புழுக்கொடியல் கேட்டு வந்தவர்கள் பலராம். நெருக்கடி தணிந்ததும் அவர்கள் மீண்டும் வரவில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னார்.

பனங்கட்டி பற்றிக் கேட்டோம். கருப்பநீர் இறக்கிக் கொடுத்துவந்த முதியவர் மரம் ஏறுவதை நிறுத்திவிட்டார். காலையும் மாலையும் ஏறி இறங்கும் உயிராபத்தான தொழில். அவருடைய மக்கள் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டனர். அவர்களைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. அத்தொழிலுக்குத் தகுந்த ஊதியமும் மதிப்பும் நாம் கொடுத்ததில்லை. சந்தையிற் கிடைக்கும் பனங்கட்டியிற் சீனி கலந்ததும் உண்டென்று ஆச்சி எச்சரித்தார். 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும், கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனமும் இத்தொழிலைத் தாங்கிப் பிடிக்க முயல்கின்றன. எனினும் வாங்குவோர் இல்லாத பண்டத்தை எந்தச் சபையாலும் நெடுநாள் தாங்க முடியாது.

ஆச்சியின் மக்கள் மூவரும் வெளிநாட்டில் இருக்கின்றனர். காணியை விற்றுவிட்டுத் தம்முடன் வந்திருக்கும்படி மாதந்தோறும் தொலைபேசியில் அழைக்கின்றனர். விலைக்குக் கேட்பவர்கள் பனைக்காகக் கேட்கவில்லை; மணலுக்காகக் கேட்கின்றார்கள். அயற்காணியிலே மணல் அள்ளப்பட்ட குழியை ஆச்சி எமக்குக் காட்டினார். மாரி நீர் இன்னும் அதிலே தேங்கி நின்றது. மணல் போனால் பாத்தியில்லை, பாத்தியில்லையேல் கிழங்கில்லை. "நான் இருக்குமட்டும் விக்கன்" என்றார். அவருக்குப் பின் என்ன என்பதை நாமும் கேட்கவில்லை, அவரும் கூறவில்லை. கிழங்கு கிண்டிய பெண்களுள் இளையவருக்கு ஐம்பது வயதிருக்கும்.

புறப்படும்போது இரண்டு மாணவருக்கும் ஒவ்வொரு கட்டுப் புழுக்கொடியல் கொடுத்தார். திரும்பும் பேருந்து மூன்று மணிக்கு. வல்லை வெளியைத் தாண்டும்போது கவனித்தோம். வழக்கமாகத் தலை கவிழும் அந்த வேளையிலே இருவரும் விழித்திருந்து, ஒரு பாத்திக்கு எத்தனை விதை வேண்டும், ஒரு விதை முளைத்துப் பனையாகிக் காய்ப்பதற்கு எத்தனை ஆண்டு செல்லும் என்று தர்க்கித்துக்கொண்டிருந்தனர். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும் என்றோம். "அப்ப எங்களுக்கு முப்பது வயதுக்கு மேலை" என்று ஒருவன் கணக்குப் பார்த்தான். கிழங்குக்காயின் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை என்று மற்றவன் திருத்தினான்.

வருகின்ற ஆவணியிலே விதை தருவதாக ஆச்சி வாக்களித்திருக்கிறார். கல்லூரியின் பின்புறத்திலே, பழைய துவிச்சக்கர வண்டிக் கொட்டிலுக்கு அப்பால், பயன்படாத ஒரு துண்டு நிலம் கிடக்கின்றது. செம்மண் நிலம், ஆகவே இரண்டு மூன்று வண்டி மணலேனும் வெளியிலிருந்து கொண்டுவந்து பரப்பவேண்டும். அதனை வடமராட்சியிலிருந்து கொண்டுவருவதில்லை என்பதில் மாணவர் இருவரும் உறுதியாக நிற்கின்றனர்; வேறு எங்கிருந்து பெறுவது என்பதே இப்போது எம் வகுப்பிலே நடைபெறும் விவாதம்.